களிமண் வகுத்த பாதை

லண்டன் சுரங்க ரயிலின் வரைபடத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். தேம்ஸ் ஆற்றுக்கு வடக்கே சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகத் தடங்கள் பின்னிக் கிடக்கின்றன. தெற்கே ஒருசில கோடுகள் மட்டும் இறங்கி வருகின்றன. மொத்தமுள்ள 272 நிலையங்களில் ஆற்றுக்குத் தெற்கே இருப்பவை ஏறத்தாழ முப்பதுதான். அந்தப் பக்கமும் மக்கள் நெருக்கமாகத்தான் வாழ்கிறார்கள். பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வணிகம். தெற்கு லண்டனில் தரைமேல் ரயில் நடத்திய தனியார் நிறுவனங்கள் முன்பே ஊரெங்கும் தண்டவாளம் போட்டுவிட்டன. புதிதாக வருபவர்களுக்கு அங்கே அதிக இடமில்லை. இன்னொன்று மண். நகரின் பெரும்பகுதிக்கு அடியில் நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் தடிமனான களிமண் படுகை ஒன்று இருக்கிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலப்பரப்பை மூடியிருந்த வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்த சேறு அது. இன்று இலங்கையிலும் சுந்தரவனத்திலும் உப்பங்கழி ஓரங்களில் வளரும் நிபா பனையின் காய்கள், தேம்ஸ் முகத்துவாரத்தில் உள்ள ஷெப்பி தீவில் இதே களிமண்ணுக்குள் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன.

சுரங்கம் தோண்டுபவருக்கு இதைவிட நல்ல மண் அமைவது கடினம். மண்வெட்டிக்கு இடம் கொடுக்கும். தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. வெட்டிய குகை, உள்பூச்சு கட்டி முடிக்கும்வரை இடிந்து விழாமல் நிற்கும். தெற்கே பல இடங்களில் இந்தப் படுகை மெலிந்துபோய், நீர் ஊறும் மணலும் சரளையும் வந்துவிடுகின்றன. அன்றைய கருவிகளோடு அங்கே தோண்டுவது ஆபத்தும் செலவும் மிகுந்த வேலை.

இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப்போகிற இடங்கள் ஒவ்வொன்றிலும் மண்ணோ தண்ணீரோ புகையோ சட்டமோ ஒரு பொறியாளரை வழிமறித்திருக்கிறது. அவர் கண்ட தீர்வு இன்னும் அங்கேயே இருக்கிறது. பெரும்பாலானவற்றைப் பார்க்க ஒரு பயணச்சீட்டு போதும்.

ஆற்றுக்குக் கீழே முதல் பாதை

வாப்பிங் நிலையத்தின் நடைமேடை முனைக்குச் சென்று நின்றால், அடுத்தடுத்து இரண்டு குதிரைலாட வளைவுகள் இருளுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். கப்பல்கள் ஓடும் ஆற்றுக்கு அடியில் உலகிலேயே முதன்முதலாகத் தோண்டி முடிக்கப்பட்ட சுரங்கத்தின் வாய் அது. 1825இல் தொடங்கிய வேலை 1843இல்தான் முடிந்தது. நீளம் 400 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஏன் ஆயின என்பதில்தான் சுரங்கப் பொறியியலின் பிறப்பே இருக்கிறது.

பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய மார்க் புரூனல் என்ற பொறியாளர், கப்பல் மரத்தைத் துளைக்கும் ஒருவகைப் புழுவைக் கவனித்து வந்தார். அதன் தலையில் இருக்கும் ஓடு மரத்தை அரைத்துக்கொண்டே முன்னேறும். பின்னால் வரும் உடல், துளையின் சுவரில் சுண்ணப் பூச்சு பூசிக்கொண்டே வரும். வெட்டுவதும் தாங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இந்தத் தத்துவத்தை வைத்து அவர் ஒரு இரும்புக் கேடயத்தை வடிவமைத்தார்.

பன்னிரண்டு இரும்புச் சட்டங்கள் பக்கம் பக்கமாக நின்றன. ஒவ்வொரு சட்டத்திலும் மேலும் கீழுமாக மூன்று அறைகள். ஆக 36 அறைகள், அறைக்கு ஒரு தொழிலாளி. அவர் முன்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் பலகைகளில் ஒன்றை மட்டும் எடுப்பார். அந்தப் பலகை மறைத்திருந்த இடத்தில் ஒரு சாண் அளவுகூட இல்லாத ஆழத்துக்கு மண்ணை வெட்டுவார். பலகையைப் புதிய இடத்தில் வைத்துத் திருகாணியால் முடுக்குவார். பிறகுதான் அடுத்த பலகையில் கை வைப்பார். எல்லாப் பலகைகளும் முன்னேறியதும் சட்டம் முழுவதையும் முன்னே தள்ளுவார்கள். பின்னால் தயாராக நிற்கும் கொத்தனார்கள் அந்த இடைவெளியைச் செங்கல்லால் மூடுவார்கள். மண் திறந்து கிடப்பது எந்த நேரத்திலும் ஒருசில பலகை அகலம் மட்டுமே.

திட்டம் அருமையானது. மண்தான் ஏமாற்றியது. உறுதியான களிமண் இருக்கும் என்று நம்பிப் போன இடத்தில் சரளையும் சேறும் வந்தன. அன்று லண்டனின் கழிவு தேம்ஸில் கலந்தது. அந்த நீர் மேலிருந்து கசிந்தது. எரிவாயு கிளம்பித் தீப்பற்றியது. தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். 1827 மே மாதம் ஆறு சுரங்கத்துக்குள் புகுந்தது. 1828 ஜனவரி 12 அன்று மறுபடியும் புகுந்தபோது ஆறு பேர் இறந்தார்கள். மார்க்கின் மகன் இசம்பார்ட் கிங்டம் புரூனல் மயிரிழையில் உயிர் தப்பினார். பிற்காலத்தில் பெரிய ரயில் பாதைகளையும் இரும்புக் கப்பல்களையும் கட்டிப் புகழ்பெற்றவர் அவர்தான். பணமும் தீர்ந்துபோக, ஏழு ஆண்டுகள் வேலை நின்றது. அரசுக் கடனும் புதிய கேடயமும் வந்த பிறகே தொடர முடிந்தது.

குதிரை வண்டிகளுக்காகத் திட்டமிட்ட பாதை அது. வண்டிகள் இறங்கச் சாய்தளம் கட்டக் காசில்லாததால் நடைபாதையாகத் திறந்தார்கள். 1860களில் ஒரு ரயில் நிறுவனம் அதை வாங்கியது. 1869 முதல் அதில் ரயில் ஓடுகிறது. பல காலம் சுரங்க ரயில் வலையமைப்பின் பகுதியாக இருந்து, இன்று ஓவர்கிரவுண்ட் சேவையின் விண்ட்ரஷ் தடமாக ஓடுகிறது. மறுகரையில், ராதர்ஹித் நிலையத்தின் அருகே புரூனல் அருங்காட்சியகம் இருக்கிறது. சுமார் 15 மீட்டர் விட்டமுள்ள செங்கல் கிணறு ஒன்றைத் தரைமேல் கட்டி, அதன் சொந்த எடையாலேயே மண்ணுக்குள் இறங்கவைத்து, அதன் வழியாகத்தான் புரூனல் வேலையைத் தொடங்கினார். அந்தக் கிணற்றுக்குள் இன்று பார்வையாளர்கள் இறங்கி நிற்கலாம்.

புகையை எங்கே விடுவது?

நகரப் பயணிகளுக்கான உலகின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரி 10 அன்று பேடிங்டனுக்கும் ஃபேரிங்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. தூரம் சுமார் 6 கிலோமீட்டர். முதல் நாளே ஏறத்தாழ 38,000 பேர் ஏறினார்கள். இதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடிய வழக்கறிஞர் சார்லஸ் பியர்சன், திறப்பு விழாவுக்குச் சில மாதங்கள் முன்பு இறந்துவிட்டார். நெரிசலான சேரிகளில் அடைபட்ட ஏழைகள் ரயிலேறி ஊருக்கு வெளியே காற்றோட்டமான வீடுகளில் வாழ வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால், இந்தப் பாதைக்காகவே ஃப்ளீட் பள்ளத்தாக்கில் ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தப் பாதைக்குக் கேடயம் தேவைப்படவில்லை. சாலையைத் தோண்டி, பள்ளத்தில் தண்டவாளம் போட்டு, மேலே செங்கல் வளைவு கட்டி மூடி, மறுபடியும் சாலையைப் போட்டார்கள். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மின்சார ரயில் இன்னும் பிறக்கவில்லை; இழுத்தது நீராவி எஞ்சின். வெளியேறும் நீராவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் செலுத்திக் குளிரவைக்கும் எஞ்சின்களை வடிவமைத்தார்கள். அப்படியும் புகை போகவில்லை.

பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தின் 5, 6ஆம் நடைமேடைகளில் இதற்கான பதிலைக் கண்ணால் காணலாம். 1863இன் கட்டுமானம் அது. 1980களில் பழைய தோற்றத்துக்கு மீட்டெடுத்திருக்கிறார்கள். இரு நடைமேடைகளையும் தண்டவாளங்களையும் ஒரே செங்கல் வளைவு தாவி நிற்கிறது. இரு பக்கச் சுவர்களிலும் வரிசையாக மாடங்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மாடமும் சாய்வாக மேல்நோக்கி ஏறுவது தெரியும். சாலையோரத்துக் காற்றையும் பகல் வெளிச்சத்தையும் உள்ளே கொண்டுவரவும், புகையை வெளியே அனுப்பவும் வைத்த வழிகள் அவை. இப்போது அவற்றில் மின்விளக்கு எரிகிறது.

லெயின்ஸ்டர் கார்டன்ஸ் என்ற தெருவில் இன்னும் வியப்பான ஒன்று உண்டு. வெள்ளைச் சாந்து பூசிய பணக்கார வீடுகளின் வரிசையில் 23, 24 என்ற எண்களுள்ள இரண்டு வீடுகளைக் கவனியுங்கள். தூண்கள், பால்கனி, கதவு எல்லாம் பக்கத்து வீடுகளைப் போலவே இருக்கும். ஆனால் சன்னல்களில் கண்ணாடி இல்லை, வண்ணம்தான் பூசியிருக்கிறது. கதவில் கடிதம் போடும் துளை இல்லை. பின்பக்கத் தெருவுக்குச் சுற்றிப் போய்ப் பார்த்தால் உண்மை விளங்கும். வீடே இல்லை. சுமார் ஒன்றரை மீட்டர் தடிமனுள்ள முகப்புச் சுவரும், அதன் பின்னால் திறந்த பள்ளமும், பள்ளத்தில் தண்டவாளமும்தான். 1868இல் இந்த வழியாகப் பாதை வந்தபோது, எஞ்சின்கள் அடக்கி வைத்த புகையை வெளியேற்ற வானம் பார்த்த இடம் ஒன்று வேண்டியிருந்தது. தெருவின் அழகு கெடக்கூடாது என்பதற்காக முகப்பு மட்டும் கட்டினார்கள். 1905இல் இந்தத் தடம் மின்மயமானது. சுவர் மட்டும் நின்றுவிட்டது.

அதே 1868இல் திறந்த ஸ்லோன் ஸ்கொயர் நிலையத்தில் தலையை உயர்த்திப் பாருங்கள். நடைமேடைகளுக்கு மேலே குறுக்காக ஒரு பெரிய இரும்புக் குழாய் போகிறது. அதற்குள் ஓடுவது வெஸ்ட்போர்ன் என்ற ஆறு. ஆற்றை நிறுத்த முடியாது, ரயிலை அதற்குக் கீழே இன்னும் ஆழமாகக் கொண்டுபோகவும் வசதியில்லை. ஆகவே ஆற்றைக் குழாயில் அடைத்து ரயிலுக்கு மேலே கடத்திவிட்டார்கள். 1940இல் இந்த நிலையத்தின்மீது குண்டு விழுந்து பலர் இறந்தார்கள். ஆற்றின் வழி இன்றும் அதுதான்.

தெருவைப் பின்பற்றிய குழாய்கள்

சாலையை வெட்டிப் போடும் பாதைக்கு எல்லை உண்டு. நகரின் மையத்தில் எந்தச் சாலையையும் ஆண்டுக்கணக்கில் மூட முடியாது. ஆழமாகப் போக வேண்டும். அதாவது களிமண்ணுக்குள் போக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் இதைச் சாதித்தார். அவருடைய கேடயம் வட்ட வடிவம். நீரழுத்த விசையால் முன்னேறும். பின்னால் செங்கல்லுக்குப் பதிலாக வார்ப்பிரும்புத் துண்டுகளை வளையமாகப் பூட்டுவார்கள். வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையிலான வெற்றிடத்தில் சுண்ணக் குழம்பைக் காற்றழுத்தத்தால் செலுத்துவார்கள். இந்த முறையில் அமைந்த உலகின் முதல் ஆழ மின்சார ரயில் 1890இல் ஓடியது. வெளியே பார்க்க ஒன்றுமில்லை என்று பெட்டிகளுக்குச் சன்னலே சரியாக வைக்கவில்லை. கூரையை ஒட்டிச் சிறு கீற்றுகள் மட்டும் இருந்தன.

கிரேட்ஹெட்டின் கேடயம் ஒன்றின் வழியே நாமே நடந்து போகலாம். பேங்க் நிலையத்தில் வாட்டர்லூ அண்ட் சிட்டி தடத்துக்குச் செல்லும் இணைப்பு வழியில், சிவப்பு வண்ணம் பூசிய தடித்த இரும்பு வளையம் ஒன்று வழியைச் சுற்றி நிற்கிறது. 1898இல் திறந்த அந்தத் தடத்தைத் தோண்டிவிட்டு மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்ட கேடயம். 1987இல் வேறொரு பாதைக்காகத் தோண்டியபோது வெளிப்பட்டது. நாள்தோறும் அலுவலகக் கூட்டம் அதைக் கடந்து போகிறது. நின்று பார்ப்பவர்கள் குறைவு. வெளியே கார்ன்ஹில் தெருவில் தொப்பியணிந்த கிரேட்ஹெட்டின் சிலை நிற்கிறது. 1994இல் வைத்த அந்தச் சிலையின் பீடம் பேங்க் நிலையத்தின் காற்றுப்போக்கியும்கூட. சுரங்கப் பொறியாளருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை கிடையாது.

1900இல் திறந்த சென்ட்ரல் தடத்தில் இரண்டு விஷயங்கள் பார்க்கத் தக்கவை. முதலாவது கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். நிலையங்களைச் சுரங்கத்தைவிடச் சற்று மேட்டில் அமைத்தார்கள். நிலையத்துக்குள் வரும் ரயில் மேடேறுவதால் தானாக வேகம் குறைகிறது. புறப்படும்போது இறங்குவதால் தானாக வேகம் பிடிக்கிறது. மேம்பாலம் ஏறும் சைக்கிள்காரர் மிதிப்பதை நிறுத்தினால் நடப்பதும், உச்சியிலிருந்து இறங்கும்போது நடப்பதும் இதேதான். பிரேக் தேய்மானம் குறைந்தது, மின்சாரம் மிச்சமானது.

இரண்டாவது, சட்டத்தின் கைவண்ணம். தனியார் நிலத்துக்கு அடியில் போனால் உரிமையாளருக்கு ஈடு கொடுக்க வேண்டும். பொதுச் சாலைக்கு அடியில் போனால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே இருபது மீட்டர் ஆழத்தில் ஓடும் குழாயும் மேலே இருக்கும் தெருவின் வளைவுகளையே பின்பற்றியது. பேங்க் நிலையத்தில் சென்ட்ரல் தடத்தின் நடைமேடை எவ்வளவு வளைந்தது என்றால், ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. நேரான பெட்டிக்கும் வளைந்த மேடைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். இடைவெளியைக் கவனியுங்கள் என்ற அறிவிப்பு ஒலித்துக்கொண்டே இருப்பது அதனால்தான். தெரு குறுகலாக இருந்த நாட்டிங் ஹில் கேட், சான்சரி லேன் ஆகிய இடங்களில் இரு குழாய்களையும் பக்கம் பக்கமாக வைக்க இடமில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள்.

நடைமேடையில் ரயிலுக்காகக் காத்திருக்கும்போது கீழே பார்த்து எண்ணுங்கள். தண்டவாளம் நான்கு. இரண்டு சக்கரங்களுக்கு. ஓரத்தில் உள்ள மூன்றாவது, மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. நடுவில் உள்ள நான்காவது, அதைத் திருப்பி எடுத்துச் செல்கிறது. பல ரயில் அமைப்புகளில் திரும்பும் மின்சாரம் சக்கரத் தண்டவாளம் வழியாகவே போகும். இங்கே அப்படிச் செய்தால் அதில் ஒரு பகுதி கசிந்து, வார்ப்பிரும்பு வளையங்களையும் நகரத்தின் நீர், எரிவாயுக் குழாய்களையும் மின்பகுப்பால் அரித்துவிடும். அதனால் திரும்பும் வழியைத் தனியாக வைத்தார்கள். நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஏற்பாடு தொடர்கிறது.

சிவப்பு ஓடுகள்

தரைமேல் நடக்கும்போது ஈரல் நிறத்தில் பளபளக்கும் சுட்டமண் ஓடுகள் பதித்த கட்டடம் ஒன்று கண்ணில் பட்டால், அது லெஸ்லி கிரீன் என்ற இளம் கட்டடக் கலைஞரின் வேலை. 1906, 1907 ஆண்டுகளில் மூன்று புதிய ஆழத் தடங்கள் திறந்தன. அவற்றின் நிலையங்களை வடிவமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. எஃகுச் சட்டகம், மேலே பெரிய அரைவட்டச் சன்னல்கள், தட்டையான கூரை. அரைவட்டச் சன்னல்களுக்குப் பின்னால் லிஃப்ட் இயந்திரங்கள் இருந்தன. பிற்காலத்தில் மேலே மாடிகள் கட்டி விற்க வசதியாகக் கூரையைத் தட்டையாக விட்டார்கள். கீழே நடைமேடைச் சுவர்களில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி நிறம், தனி ஓட்டுக்கோலம். ரஸ்ஸல் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் நிலையங்களில் இன்றும் காணலாம். இத்தனையையும் செய்து முடித்த கிரீன் 1908இல், 33 வயதில் இறந்தார்.

ஒரு கைப்பிடி இல்லாததால்

1940இல் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசத் தொடங்கியபோது, சுரங்க நிலையங்களைப் புகலிடமாக்க அரசு முதலில் மறுத்தது. மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கி, அங்கேயே படுத்துக்கொண்டார்கள். அந்தச் செப்டம்பரில் ஒரே இரவில் 1,77,000 பேர் வரை நடைமேடைகளில் தூங்கினார்கள். ஆழம் எப்போதும் காப்பாற்றவில்லை. அக்டோபரில் பால்ஹம் நிலையத்துக்கு மேலே சாலையில் விழுந்த குண்டு, குழாயை உடைத்துத் தண்ணீரையும் சேற்றையும் உள்ளே கொட்டியது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

மிகப் பெரிய இழப்பு குண்டால் நேரவில்லை. 1943 மார்ச் 3 இரவு, ரயில் இன்னும் ஓடத் தொடங்காத பெத்னல் கிரீன் நிலையத்துக்குள் மக்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அருகே புதிய விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் வெடித்த சத்தத்தில் கூட்டம் நெருக்கியது. படியில் ஒருவர் விழ, அவர்மேல் அடுத்தவர் விழ, சில நிமிடங்களில் 173 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். படிக்கட்டில் மங்கிய விளக்கு ஒன்றுதான் இருந்தது. நடுவே பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. விசாரணை அறிக்கையைப் போர் முடியும்வரை அரசு வெளியிடவில்லை. நிலையத்தின் வாசலில் தலைகீழாகத் தொங்கும் தேக்குமரப் படிக்கட்டு இன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. பிரமாண்டமான சுரங்கங்களின் வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதும் பாடம் இந்தக் கைப்பிடிக் கம்பிதான். மனிதர்கள் எப்படி நகர்வார்கள் என்று யோசிக்காத பொறியியல் அரைகுறைப் பொறியியல்.

களிமண் திருப்பிக் கொடுக்கும் சூடு

தொடக்க காலத்தில் கோடையில் குளிர்ச்சியான இடம் என்று சுரங்க ரயிலுக்கு விளம்பரம் செய்தார்கள். அன்று களிமண் சுமார் 14 டிகிரி செல்சியஸில் இருந்தது. ரயில்கள் பிரேக் பிடிக்கும்போது எழும் வெப்பத்தை அது ஒரு நூற்றாண்டாக உறிஞ்சி வந்தது. இப்போது அதுவும் சூடேறிவிட்டது. உறிஞ்சும் திறன் குறைந்ததால் பழைய ஆழத் தடங்களில் கோடைப் பயணம் வேர்த்துக் கொட்டும். அந்தச் சூட்டையும் பயனாக்கியிருக்கிறார்கள். 1922இல் மூடிய சிட்டி ரோடு நிலையத்தின் பழைய காற்றுப்போக்கியிலிருந்து 2020 முதல் வெப்பத்தை எடுத்து, இஸ்லிங்டன் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூடாக்கும் அமைப்புக்கு அனுப்புகிறார்கள்.

களிமண்ணைப் பற்றிய அறிவு எவ்வளவு வளர்ந்துவிட்டது என்பதற்கு வெஸ்ட்மின்ஸ்டர் நிலையம் சாட்சி. 1999இல் திறந்த ஜூபிலி தட நீட்டிப்புக்காக, பிக் பென் கோபுரத்துக்கு மிக அருகே ஏறத்தாழ 39 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினார்கள். மண்ணை எடுத்தால் சுற்றியுள்ள தரை நகரும், கோபுரம் சாயும். இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ஜான் பர்லாண்ட் இந்தப் பணியில் ஆலோசகர். பைசா கோபுரத்தைக் காப்பாற்றிய குழுவிலும் இருந்தவர். கோபுரத்தின் அடியில் முன்கூட்டியே குழாய்களைச் செருகி, சாய்வை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொண்டே, வேண்டியபோது வேண்டிய இடத்தில் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தித் தரையை ஈடுசெய்தார்கள். கோபுரம் நின்றது. இன்று அந்த நிலையத்தின் எஸ்கலேட்டரில் இறங்கும்போது குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் பருத்த உத்தரங்கள், பக்கச் சுவர்கள் உள்ளே சாயாமல் தாங்கி நிற்பவை.

சென்னைக்கு ஒரு விண்ணப்பம்

புரூனலின் 36 அறைக் கேடயத்தின் வாரிசுதான் இன்றைய சுரங்கத் துளைப்பு இயந்திரம். முன்னால் வெட்டுவது, பின்னால் வளையம் பூட்டுவது என்ற தத்துவம் மாறவில்லை. சென்னை மெட்ரோவின் முதல் சுரங்கத் தடம் 2017 மே மாதம் திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே திறந்தபோது, அதன் பின்னாலும் இந்தத் தத்துவமே இருந்தது. இரண்டாம் கட்டத்துக்காக மாதவரத்தில் இறங்கிய இயந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை என்று மலைகளின் பெயர் வைத்தார்கள். லண்டனுக்கு வாய்த்த சீரான களிமண் சென்னைக்கு வாய்க்கவில்லை. கடும்பாறையும் மணலும் களியும் சில மீட்டருக்குள் மாறி மாறி வந்து வேலையைச் சிரமமாக்கின. அந்தச் சிரமத்தை வென்ற கதை லண்டன் கதைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

ஆனால் அது பயணிகளின் கண்ணில் பட வேண்டும். தேய்ந்துபோன வெட்டுத்தலை ஒன்றை ஏதாவது ஒரு நிலையத்தில் நிறுத்தி வையுங்கள். அந்த இடத்தில் எத்தனை மீட்டரில் மணல், எத்தனை மீட்டரில் பாறை என்று மாதிரி மண்ணோடு ஒரு பலகை வையுங்கள். பணியில் உயிரிழந்த தொழிலாளர்களின் பெயர்களை எல்லாரும் படிக்கிற இடத்தில் பொறியுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது. தன் காலடியில் இருக்கும் மண்ணையும் அதைத் துளைத்த உழைப்பையும் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை பயணத்தினூடே தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.